இருபத்தைந்தாவது வரி

பள்ளியை விட்டு நின்றதிலிருந்து, அண்ணன் இல்லாத நேரத்தில் அவன் கம்ப்யூட்டரில் எதையாவது தட்டிப் பார்ப்பேன். எழுத்து கலராக வருமென்று நினைத்து, அவன் கட்டளைகளைத் தட்டி வேலை செய்யும் கறுப்பு ஜன்னலான டெர்மினலின் செட்டிங்ஸ் கோப்பில் திரை எந்த வகை என்று சொல்லும் வரியை மாற்றிவிட்டேன். மறுநாள் காலையில் திரையில் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன.

அண்ணன் அண்ணியைப் பிடித்துக்கொண்டான். "கீபோர்டைத் துடைக்கச் சொன்னா என் பொழப்பையே துடைச்சு வெச்சிருக்க."

"தூசியைத் தவிர எதையும் தொடலைங்க," என்றாள் அண்ணி.

நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவனே அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினான். பழி மட்டும் அண்ணியோடே நின்றது. இன்னொன்றும் இடித்தது. திரையில் தெரிவது இருபத்து நான்கு வரிகள். எத்தனை வரி என்று கட்டளை தட்டிக் கேட்டால் கம்ப்யூட்டர் இருபத்தைந்து என்றது.

"இருந்துட்டுப் போகட்டும். வேலை நடக்குதில்ல," என்றான்.

அன்றிலிருந்து, யாரும் தொடாதபோது கர்சர் திரையின் கீழ்விளிம்பைத் தாண்டி இறங்கிவிடுகிறது. ஒரு வரி எழுதும் நேரம் கழித்து மேலே வருகிறது. அதைப் பார்த்தாலே எனக்கு முகம் சுடுகிறது.

இன்று அண்ணி அறையைப் பெருக்க வந்தாள். நான் கதவருகில் நின்றேன். அவள் திரைக்குக் கீழே, இருபத்தைந்தாவது வரி இருக்கவேண்டிய, ஒன்றுமில்லாத இடத்தில் குனிந்து, உதடசைத்து எதையோ வாசித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.