அலுமினியம் போதும்

"ஸ்டீலா, அலுமினியமா? எது உடையாது?"

தனேஸ்வரன் மறுபடியும் அதையே கேட்டார். மலேசியாவின் செமோர் டவுன் கைப்பேசிக் கடையில், கடைக்காரன் தீபன் பொறுமையாகத்தான் பதில் சொன்னான்.

"ஸ்டீல் சட்டம் லேசுல வளையாதுண்ணே, கீறலும் விழாது. ஆனா கனம். விழுந்தா அடி பலமா இருக்கும். அலுமினியம் அடிபட்டா நசுங்கும், ஆனா லேசு. எவ்ளோ உயரத்திலேருந்து விழும்?"

தனேஸ்வரன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"சும்மா... மேசை உயரம்லா."

"மேசையிலேருந்து விழுந்தா இப்படியா ஆவும்?" தீபன் பழைய போனைத் தூக்கிக் காட்டினான். மூலை நசுங்கி, கண்ணாடி பொடிப்பொடியாகியிருந்தது.

புஷ்பலதா அந்த நசுங்கலையே பார்த்தாள். இதற்கு முந்தின போனும் இதே கதிதான். போனைச் சுவரில் அடிக்கிற அளவுக்கு யாரோடு சண்டை?

"கனம் வேணாம். அலுமினியம் போதும்," என்றார் தனேஸ்வரன்.

"ஆமா, ரொம்ப நேரம் பேசணும்ல. கனமா இருந்தா கை வலிக்கும்," என்று குத்தினாள் புஷ்பலதா.

பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா சொன்னது அவளைத் தின்றுகொண்டிருந்தது. "ஆறு மணியானா உன் வீட்டுக்காரரு போனும் கையுமா மேட்டுப் பக்கம் போறாரு. பாத்துக்க லதா. வயசானாலும் ஆம்பள ஆம்பளதான்."

அந்த நேரத்தில்தான் கடல் தாண்டி சபா மாநிலத்தில் தாதி வேலை செய்யும் மகள் ரூபிணி வீடியோவில் கூப்பிடுவாள். பகலெல்லாம் செத்துக் கிடக்கும் லைன், சாயங்காலம் மட்டும் உயிர் பெறும். "புது டவர் போட்டுட்டானுங்க. இந்நேரம் கூட்டம் கம்மி, அதான்," என்று தனேஸ்வரன்தான் சொல்லியிருந்தார்.

பெற்ற மகளோடு பேச உட்காராமல் மனுஷன் எங்கே நழுவுகிறார்? திரும்பி வந்தால் தோளில் தைலம் தேய்க்கச் சொல்வார். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியே தேய்ந்துபோன தோள். கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"என்னதான் செஞ்சீங்க?"

"ஒண்ணுமில்லலா."

மறுநாள் ரூபிணி கூப்பிட்டதும், புஷ்பலதா போனோடு பின்வாசலில் இறங்கினாள். கையும் களவுமாகப் பிடித்து, மகளிடமே காட்டிவிடுவது என்று முடிவு.

"எங்கம்மா நடக்குறீங்க?"

"ஒங்கப்பா யாருகிட்ட குசுகுசுங்கிறாருன்னு பாக்கத்தான்!"

வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த மேட்டில் விறுவிறுவென்று ஏறினாள். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடத்துச் சுவரைத் தாண்டியதும் கால் நின்றுவிட்டது.

தனேஸ்வரன் யாரோடும் பேசவில்லை. முதுகைக் காட்டி நின்றார். குலை வெட்டும் நீள அலுமினியக் கம்பை இடுப்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்திருந்தார். உச்சியில், சைக்கிள் டியூப் நாடாவால் கட்டிய புதுப் போன். அந்த உயரத்தில் கிடைத்த லைனைத்தான் ஹாட்ஸ்பாட் போட்டு, கீழே வீட்டுப் பக்கம், அவள் போனுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். தோள் வெடவெடவென்று நடுங்கியது. கம்பை மட்டும் அவர் விடவில்லை.

புஷ்பலதாவின் கையிலிருந்த போனில் ரூபிணி பேசினாள்.

"அம்மா! இப்பத்தான் பளிச்சுன்னு தெரியிறீங்க. அந்தப் புது டவர்கிட்ட வந்துட்டீங்களா?"