தாளம் தப்பிய தட்டல்

பெட்டிக்குள்ளிருந்து வந்த தட்டல் தாளத்தில் இல்லை.

அரங்கத்தில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத் திரையின் மறைவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த எனக்கு அது உறுத்தியது. என் முகம் வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நான் இந்த நாடகக் குழுவில் சேர்ந்தேன்.

பெட்டிக்குள் என் அக்கா இருந்தாள். அவள்தான் பேய்.

நாடகத்தில், புது வீட்டுக்குக் குடிவருகிற ஒரு குடும்பத்தின் சாமான்களோடு தவறுதலாக ஒரு சவப்பெட்டியும் வந்து இறங்கிவிடும். அதைச் சுற்றி நின்று எல்லோரும் பாடுவார்கள். ஒவ்வொரு அடி முடிந்ததும் உள்ளேயிருந்து மூன்று தட்டு. "யாரது?" என்று அலறுவார்கள். கடைசி அடியில் பேய் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "என் தலையணை எங்கே?" என்று பாட வேண்டும்.

முதல் அடிக்கு மூன்று தட்டு வரவில்லை. டகடகவென்று என்னவோ வந்தது.

குடும்பத் தலைவராக நடித்த பல் டாக்டர் சமாளித்தார். "பேய்க்குப் பொறுமை இல்ல போலிருக்கு."

அரங்கம் சிரித்தது.

மேடையில் என்ன தப்பு நடந்தாலும் அதைக் கதையோடு சேர்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வழக்கம். எங்கள் இயக்குநர் ஒரு தையல்காரர். மேடை இடிந்து விழுந்தாலும், அதுவும் கதையில் இருக்கிறது என்று சனங்கள் நம்ப வேண்டும் என்பார்.

இரண்டாவது அடி. தட்டல் இன்னும் வேகமாக வந்தது. நிற்கவே இல்லை.

அப்போதுதான் எனக்குக் கொக்கி ஞாபகம் வந்தது.

தூக்கி வரும்போது மூடி திறந்துவிடாமல் இருக்க வெளியே ஒரு கொக்கி உண்டு. மேடையில் இறக்கியதும் பல் டாக்டர் பெட்டிமேல் சாய்வதுபோல் சாய்ந்து அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினாரா? நான் பார்க்கவில்லை.

காலையில்தான் பெட்டிக்குப் புதிதாகக் கறுப்புத் துணி ஒட்டியிருந்தார்கள். பசை வாடை எனக்கே மூக்கில் ஏறியது. காற்றுத் துளைகளை விட்டுவிட்டு ஒட்டினார்களா?

"மாமா, கொக்கி..." என்றேன், பின்னால் நின்ற தையல்காரரிடம்.

"வாசி, எலி. உங்கக்கா பின்றா பாரு."

எலி என்று எனக்குப் பேர் வைத்ததே அக்காதான். மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கிற மேசை அவளுடையது. வரிசையே நின்று கத்தினாலும் கொட்டாவி விடுவாள். பேயாக நடிக்க இருந்த பஸ் டிரைவர் கால் முறிந்து படுத்ததும், நான் வருகிறேன் என்று கை தூக்கியவளும் அவள்தான். அவருடைய உடம்புக்குச் செய்த பெட்டி அது. "இன்னொரு ஆளையும் வாடகைக்கு வெச்சுக்கலாம்" என்று ஒத்திகையில் அதற்குள் உருண்டு காட்டினாள்.

மூன்றாவது அடியின்போது தட்டல் நின்றுவிட்டது.

நான் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தினேன்.

கடைசி அடி வந்தது. மூடி எழவில்லை. பல் டாக்டர் அந்த அடியையே மறுபடி பாடினார். மறுபடியும். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. விளக்கு வெளிச்சத்துக்குள் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை.

"பக்கத்து வீட்டுப் பொண்ணும் வந்துடுச்சு" என்றார் பல் டாக்டர். அவருடைய குரலும் சரியாக இல்லை.

மண்டியிட்டுக் கொக்கியைத் தேடினேன்.

அது கழன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூடியைத் தூக்கினேன். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். ஒரு விரற்கடை எழும்பி, மறுபடி கீழே போனது.

யாரோ உள்ளிருந்து இழுத்தார்கள்.

என் உள்ளங்கைக்குக் கீழே டகடகவென்று அந்தச் சத்தம் திரும்பத் தொடங்கியது. அவள் தட்டவில்லை. மூடியின் உள்பக்கப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கை நடுங்க நடுங்க, மூடி பெட்டியில் மோதிக்கொண்டிருந்தது.

இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"மூடுடி," என்றாள். "இடுக்கு வழியாப் பாத்துட்டேன். எவ்வளவு பேரு..."

நான் திரும்பிப் பார்த்தேன். அதுவரை நான் பார்க்காமலே இருந்த பக்கம். கடைசி வரிசைவரை முகங்கள். எல்லா முகமும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சட்டென்று முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"தள்ளிப் படுக்கா," என்றேன்.

அவள் தள்ளிப் படுத்தாள். நான் உள்ளே இறங்கி மூடியை இழுத்துக்கொண்டேன்.

இருட்டு. பசை வாடை. இரண்டு பேருடைய மூச்சு.

அவள் கையைத் தேடிப் பிடித்தேன். வியர்த்து ஈரமாக இருந்தது. அந்தக் கையாலேயே மூடியில் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தாளம் சரியாக இருந்தது.

"யாரது?" என்று வெளியே அலறினார்கள்.

அக்கா என் காதுக்குள் சொன்னாள்: "நீ சொல்லேன்."