ஒற்றை எழுத்து போதும்

முதலில் நாற்காலிகளை எடுத்தார்கள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகும் நேரத்தைக் குறித்தார்கள். அதற்குப் பிறகு மேற்பார்வையாளரைத் தூக்கிவிட்டு, இனி கம்ப்யூட்டரே மார்க் போடும் என்றார்கள். கடைசியாக, மார்க் குறைவென்று பேக்கிங் பிரிவின் கைக்குழந்தைக்காரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அப்போதுதான் சங்கத்தில் சேர்ந்திருந்தாள்.

தொழிலாளர் அதிகாரியிடம் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொல்லிவிட்டு, சங்கத் தலைவர் எதிர்ப்பக்கம் முறைத்தார். மேனேஜருக்கு அடுத்து லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் தலைவருடைய சொந்த மாப்பிள்ளை. மார்க் போடும் புரோகிராமை எழுதியவனும் அவனே.

அவன் எழுதும் லட்சணம் வீட்டுக்கே தெரியும். புரோகிராமில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பேர் வைக்க வேண்டுமாம். மற்றவர்கள் ஓரெழுத்தில் முடிப்பதை, இவன் முழ நீளத்துக்கு வைத்து மேனேஜரிடம் திட்டு வாங்குகிறானாம். முந்தின நாள் ராத்திரி சாப்பாடு போடும்போது மகள் சொல்லி வருத்தப்பட்டாள்.

"பேர் நீளமா இருந்து என்னம்மா, உன் புருஷனுக்கு முதுகெலும்பு இருக்கா?"

கேட்டுக்கொண்டே வந்த மாப்பிள்ளை, "புரோகிராமைத் திறந்து காட்டச் சொல்லுங்க மாமா" என்று மட்டும் சொன்னான். நக்கல் என்று நினைத்து, தலைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

இப்போது மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்தார். "மார்க் போட்டது மெஷின். அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது."

"அப்படின்னா திறந்து காட்டுங்க" என்றார் தலைவர். வேறு பிடி இல்லை.

மேனேஜர் சிரித்தார். உள்ளே எல்லாம் ஒற்றை எழுத்துதான், தாராளமாகப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும் என்றார்.

மாப்பிள்ளை லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். அதிகாரி குனிந்து படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. எட்டிப் பார்த்த மேனேஜரின் முகம் கறுத்தது.

"இதுக்கு வெறும் 'க'ன்னுதானேய்யா வைக்கச் சொன்னேன்?"

"நீங்க சொன்ன கணக்கைத்தான் சார் எழுதினேன். பின்னால படிக்கிறவங்களுக்குப் புரியணும் இல்லையா?"

இதைச் சொல்லும்போதும் அவன் மாமனார் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி இரு தரப்புச் சாட்சிகளையும் கிட்டே அழைத்து, அந்தப் பேரைச் சத்தமாக வாசித்தார்:

"சங்கத்தில்_சேர்ந்ததற்காகக்_குறைக்கும்_மார்க்."