காலாவதியான உயிரியல்

கல்யாணத்தால் விட்டுப்போன நர்சிங் படிப்பைத் தொடரலாம் என்று நாகர்கோவில் கல்லூரிக்குப் போன ஜெபராணியிடம், ஆபீஸ் பெண் கறாராகச் சொன்னாள்: "பழைய சயின்ஸ் கிரெடிட்டெல்லாம் காலாவதி ஆயிட்டு, அக்கா. மண்டையில இருக்கத அழிச்சாத்தான் புதுசு ஏத்த முடியும். திங்கக்கிழமை ஏத்திருவோம்."

எங்கே சீட் கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில், ஜெபராணி அன்றைக்கே தலையைக் கொடுத்து, பழையதை அழித்துவிட்டு வந்தாள். வலிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகள் நிஷாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஜெபராணி வழக்கம்போல ஓடிப்போய் அவள் நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே விசிலடிப்பதுபோல் ஏதோ கேட்டது. அது என்ன சத்தம்? எதற்காக இங்கே காதை வைத்தோம்? வேறொன்றும் தோன்றாமல், பிள்ளையைப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்து மூடினாள்.

நிஷா போர்வையை உதறிவிட்டு, திணறிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். "படுக்கக் கூடாதும்மா... நீதான சொல்லித் தந்த. அலமாரில நீலமா இன்ஹேலர் இருக்கும்... எடு."

ஜெபராணி எடுத்து வந்து, மகளின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இத எங்க வைக்கணும், மக்ளே?"