மலைப்பாதையில் இரண்டு முதுகுகள்

அன்று காலை புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அருணகிரி, அவர் மனைவி சாந்தம்மாள், மகள் ஈஸ்வரி, தம்பி தமிழ்மணி, தம்பி மனைவி தேவி. வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் பேசுவதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். ஆனால் வீட்டுக்குள் டவர் கிடைக்காது.

தமிழ்மணி போனை உயர்த்திப் பிடித்தான். பதின்மூன்று நொடி வீடியோ. ஜமுனாமரத்தூர் சாலையில் ஒரு வளைவு. புதன்கிழமை பின்னால் வந்த காரிலிருந்து எவனோ எடுத்தது.

பைக்கில் போகும் இரண்டு முதுகுகள். பின்னால் இருந்தவள் ஓட்டுபவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவன் முதுகில் கன்னம் வைத்திருந்தாள். தலையோடு மூடும் சிவப்பு ஸ்வெட்டர். அதில் பெரிய வெள்ளைப் பூ.

"நான் இவளுக்கு வேலூர்லேர்ந்து வாங்கியாந்த ஸ்வெட்டரு, எனக்குத் தெரியாதா?" என்றான் தமிழ்மணி. "நாப்பதாயிரம் பேரு பாத்துட்டான். கீழ ஒருத்தன் பேரே போட்டுட்டான், அருணகிரி வூட்டுப் பொண்ணுன்னு."

ஈஸ்வரி செங்கத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். இந்த மலை ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண். முந்தின நாள்தான் அவசரமாக வரவழைத்திருந்தார்கள்.

"செங்கத்து வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கு சித்தப்பா? இங்கியே வெச்சிட்டுத்தான் போனேன்."

"அப்ப ஸ்வெட்டரு தானா வண்டி ஏறிப் போச்சா?"

"புதன்கிழமை எனக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்குது."

"இருக்கட்டும். நாப்பதாயிரம் பேருக்கும் ரிஜிஸ்டரைக் காட்டுவியா?"

அருணகிரியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மரத்தைச் சுற்றி வந்தார், வேலி வரை போனார், திரும்பினார். மூன்று தலைமுறையாக ஊருக்கு நியாயம் சொன்ன குடும்பம். கோயிலுக்குப் போனாலும் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடப்பவர். தம்பி போனை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"ஓட்டுறவன் மூஞ்சி தெரியுதா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க தெரியுது அண்ணா? ஹெல்மெட்டு, மழைக்கோட்டு. மாட்டுனா கால ஒடிச்சிடுவேன்."

அருணகிரி மறுபடியும் வேலிப் பக்கம் போனார்.

"ஏங்க..." என்றாள் சாந்தம்மாள்.

"நீ சும்மா இரு."

"எல்லாம் இந்தப் போனால வந்த கேடு," என்றான் தமிழ்மணி.

"உங்க சாமைக்கும் தேனுக்கும் பெங்களூர்லேர்ந்து ஆர்டர் வர்றதும் இதே போன்லதான்," என்றாள் தேவி. "அது மட்டும் இனிக்குதா?"

"நீ குறுக்க பேசாத. அண்ணா, இவ படிச்சது போதும். நாளைக்கே போயி டி.சி. வாங்கிடலாம். ஊர் குரூப்ல எரநூறு பேரு காலையிலேர்ந்து கேட்டுகினே இருக்கான். பொண்ண நிறுத்திட்டோம்னு ஒரு வார்த்த போட்டா வாய மூடுவான்."

ஈஸ்வரி அதுவரை அழவில்லை. "இன்னும் ஒரு வருஷம்தான்பா," என்றபோது குரல் உடைந்தது.

அருணகிரி வேலியில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இன்னா அண்ணா, போட்டுடட்டா?" தமிழ்மணியின் விரல் திரைக்கு மேலே நின்றது.

சாந்தம்மாள் எழுந்து மகளின் பக்கத்தில் போய் நின்றாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

அருணகிரி திரும்பி வந்தார். தோள் துண்டைச் சரி செய்துகொண்டு தம்பியிடம் கை நீட்டினார். "பேசியே அனுப்பலாம்னியே, அதுக்கு எத அமுக்கணும்?"

"எதுக்கு அண்ணா? நானே டைப் பண்ணிடறேன்."

"எத அமுக்கணும்னு கேட்டேன்."

தமிழ்மணி காட்டினான். அருணகிரி போனை வாய்க்கு நேரே பிடித்து, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் அதே குரலில் பேசினார்.

"அருணகிரி பேசுறேன். அந்த வீடியோவுல இருக்குறது எம் பொண்ணு இல்ல, எஞ் சம்சாரம். வண்டி ஓட்டுனது நான்."