டிஷ்ஷை மூடிய சுரைக்கொடி

தொகுப்பு வீட்டு மாடியில் சின்னதுரை நிற்கிறார். மனைவி ராஜாம்பாள் ஏற்றிவிட்ட சுரைக்கொடி டிவி டிஷ்ஷை முழுசாக மூடிக்கிடக்கிறது. மகள் மலர்விழி ஆடும் கபடியை டிவியில் காட்டும் நேரம். கீழே திரையில் வெறும் நீலம். “கொடிய அறுத்துடவா?” என்கிறார். “பிஞ்சு வுட்டுக்கினு இருக்குது! அறுத்தீங்க, ராத்திரிக்குச் சோறு கெடையாது!” என்று கீழேயிருந்து அதட்டுகிறாள் ராஜாம்பாள். அவர் கொடியைப் பிஞ்சோடு வாரித் தோளில் போட்டுக்கொள்கிறார். கல்வராயன் மலைமேல் சாயும் வெயில் டிஷ்ஷில் பளீரென்று விழுகிறது. வீட்டுக்குள் கூட்டத்தின் இரைச்சல் எழுகிறது. “வந்துட்ச்சிங்க! நம்ம பொண்ணு நிக்கிறா, எறங்கி வாங்க!” “வுட்டா மூடிக்கும்டி. நீ பாத்து சொல்லு.” “பாடிக்கினு போறா... ஐயோ, ஒருத்தி கால புடிச்சிட்டா... இழுத்துக்கினே வர்றா... கோட்டத் தொட்டுட்டா நம்ம பொண்ணு!” தோள்கொடியை விடாமல் சின்னதுரை மாடியிலேயே ஒரு குதி குதிக்கிறார்.