லூசி வேஷம்

"நீங்களே குண்டாத்தான் இருக்கீங்க. இதுல எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்களா?"

நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே அந்தப் பத்து வயதுப் பெண் கேட்டதும் வெண்டலுக்கு வியர்த்துவிட்டது. வெளியே மில்வாக்கி நகரமே பனியில் விறைத்துக் கிடந்தது. இவனுக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எல்லாம் நடிப்பு என்பது அவனுக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு நோயாளிகளாக நடிக்க ஆட்களை அழைத்து வருவது அங்கே வழக்கம். வழக்கமாக வரும் சிறுமி பனியில் மாட்டிக்கொண்டாளாம், கடைசி நேரத்தில் யாரோ இந்தப் புதுப் பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். இவளுக்குக் கொடுத்திருக்கும் வேஷம், எடை கூடிவிட்ட லூசி. மனம் நோகாமல் அவளோடு அதைப் பற்றிப் பேச வேண்டும், அதுதான் தேர்வு.

போன முறை உடற்பயிற்சி, காய்கறி என்று வெண்டல் பிரசங்கம் செய்ய, நடிக்க வந்த பையன் நிஜமாகவே கொட்டாவி விட்டான். தேர்வு நடத்தும் டாக்டர் கோஸ்கி தயவு தாட்சண்யம் பார்க்காமல் ஃபெயில் போட்டார். இந்த முறையும் கோட்டை விட்டால் ஒரு வருடம் அம்போ. டாக்டர் கோஸ்கி இப்போதும் சுவரில் பதித்திருந்த பெரிய கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் இந்த அறை முழுவதும் தெரியும், பேசுவதும் கேட்கும்.

"புத்தி சொல்ல வரல. கொஞ்ச நேரம் உன்கிட்ட பேசலாமான்னு கேக்க வந்தேன்" என்றான் வெண்டல்.

"எதப் பத்தி? ப்ரோக்கோலி பத்தியா?"

"ஐயையோ! எனக்கே அது தொண்டையில இறங்காது."

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஸ்கூல்ல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? எது சுத்தமாப் பிடிக்காது?" என்று கேட்டான்.

ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றன. அவள் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீச்சல் பிடிக்காது. நான் தண்ணியில இறங்கினாலே எல்லாரும் சிரிக்கிறாங்க. வயித்து வலின்னு பொய் சொல்லிட்டு ஓரமா உக்காந்துடுவேன்."

"வீட்டுல சொன்னியா?"

"அம்மாவுக்கு எப்பவும் வேலை. சொன்னா வருத்தப்படுவாங்க."

என்னமாய் நடிக்கிறாள் என்று வெண்டல் உள்ளுக்குள் அசந்துபோனான். ஆனால் அவள் கண்ணில் நீர் திரண்டதும் தேர்வாவது மார்க்காவது, எல்லாமே மறந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"உன் வயசுல நானும் சட்டையைக் கழட்டாமதான் நீந்துவேன். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நீ தெம்பா ஓடியாடணும், நல்லாத் தூங்கணும், அதுக்குத்தான் இந்தப் பேச்செல்லாம். உனக்கு மட்டும் தனிச் சாப்பாடு, மத்தவங்களுக்கு பீட்சான்னெல்லாம் கிடையாது. மாறினா வீட்டுல எல்லாரும் சேர்ந்து மாறணும்."

"அம்மாவுமா?"

"அம்மாதான் முதல்ல! சரி, என்ன பண்ணினா உனக்கு ஜாலியா இருக்கும்?"

"அம்மாகூட பனியில சறுக்கி விளையாடணும். போன வருஷம் ஒரே ஒரு தடவைதான் கூட்டிட்டுப் போனாங்க."

"சறுக்குறதுக்கு முன்னாடி மேட்டுல ஏறணுமே! அதைவிட நல்ல உடற்பயிற்சி எது? அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?"

அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம். நானே சொல்றேன்."

மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் கோஸ்கி வந்தார். அவர் சிரித்து வெண்டல் பார்த்ததே இல்லை, இன்று வாயெல்லாம் பல்லாக இருந்தது.

"நீ பாஸாயிட்ட, வெண்டல்! குழந்தைகள்கிட்ட இப்படித்தான் பேசணும்."

வெண்டலுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குள் டாக்டர் கோஸ்கி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக் கைதட்டினார்.

"சோடா குடிப்பேன், டிவி பார்ப்பேன்னு சொல்லச் சொன்னா, நீச்சலாம், வயித்து வலியாம், கண்ணீர் வேற! இப்படி நடிக்க எங்க கத்துக்கிட்ட நீ?"

அந்தப் பெண் நாற்காலியிலிருந்து இறங்கினாள். வெண்டலை ஒருமுறை பார்த்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, டாக்டர் கோஸ்கியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் நடிக்கல."